பாடசாலை வேலைத்தளங்களில் இயந்திரங்களின் காப்புகள் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் இயந்திரங்களின் தொகை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெகுவாகக் கூடியிருக்கின்றது. 2013 ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு தொடங்கப்பட்டபோது பொறியியல் தொழினுட்பவியலுக்கென ஆய்வுகூடங்களும் கருவிகளும் வந்தன. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தோடு தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்துகொண்டது. சாதாரண தர வகுப்புகளில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் ஆகிய பாடங்கள் இவற்றுக்கு முன்னரே இருந்துவந்தன. அரசு கொடுத்தவை போதாத இடங்களில் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாடுகளில் வாழும் ஊரவர்களும் துளையிடும் இயந்திரம், சாணை இயந்திரம், வெல்டிங் கருவி என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கேற்றி, நாடா வெட்டி, படம் எடுத்துக் கொண்டாடத்தக்க செயல்கள்தாம் இவை. ஆயினும் இயந்திரம் வந்திறங்கிய நாளில் அதன்மேல் இருந்த காப்புகள், அதாவது ஆபத்தான பகுதிகளில் கை படாதபடி மறைக்கும் மூடிகள், இன்றும் இருக்கின்றனவா என்று கேட்பார் ஒருவரும் இல்லை. அதைக் கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

நான் தொழினுட்பப் பாடங்களைக் கற்பித்து ஓய்வுபெற்றவன். அழைக்கின்ற பாடசாலைகளுக்குச் சென்று இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பதை இப்போது பொழுதுபோக்காகக் கொண்டிருக்கின்றேன். அவ்வாறு சென்ற ஒரு பாடசாலையின் வேலைத்தளத்துச் சுவரில், அதன் பெயர் இங்கு தேவையில்லை, பாதுகாப்பு விதிகள் நீல வண்ணத்தில் மிக அழகாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்கு நேர் கீழே நின்ற துளையிடும் இயந்திரத்தில் மோட்டாரின் சுழற்சியை அலகுக்குக் கடத்தும் பட்டியை (பெல்ட்) மறைத்திருக்க வேண்டிய தகட்டு மூடியோ, பக்கத்து மேசையில் ஆணிகள் போட்டு வைக்கும் தட்டாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைப்பதற்காகப் பட்டியை மாற்றிய எவரோ அதைக் கழற்றியிருக்கிறார். பூட்டும் திருகாணி தொலைந்துபோனதால் அது திரும்பவும் பூட்டப்படவில்லை. அங்கிருந்த ஆசிரியரை நான் குறைகூற மாட்டேன். ஒரு திருகாணி வாங்கினால் அதை எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நம்முடைய பாதுகாப்புப் போதனை முழுவதும் பிள்ளையை நோக்கியே செய்யப்படுகின்றது. கவனமாக நில், பேசாதே, விளையாடாதே, தள்ளாதே என்று பிள்ளைக்குத்தான் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளையின் கவனம் சிதறுவது அந்த வயதின் இயல்பு. ஐம்பது வயது ஆசிரியரின் கவனமும் கடைசிப் பாடவேளையில் சிதறத்தான் செய்யும். கவனம் சிதறுகின்ற அந்த ஒரு நொடியிலும் கை வெட்டுப்படாதபடி இயந்திரம் அமைந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். தொழிற்சாலைகளில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள், ஆபத்தை முற்றாக நீக்க முடியுமானால் முதலில் நீக்குவார்கள்; முடியாதபோது அதை மூடி மறைப்பார்கள் அல்லது தானாக நிற்கும்படி செய்வார்கள்; விதிகளும் பயிற்சியும் அதற்குப் பின்னர்தான் வரும்; கண்ணாடியும் கையுறையும் எல்லாவற்றுக்கும் கடைசி. நமது பாடசாலைகளிலோ விதிப்பலகைதான் முதலில் தொங்குகின்றது, பல இடங்களில் அதோடு எல்லாம் முடிந்தும் விடுகின்றது.

துளையிடும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பாடசாலை வேலைத்தளத்தில் மிகுதியாகப் பயன்படுவதும், பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றுவதும் அதுதான். துளையலகைப் பிடித்திருக்கும் ‘சக்’ என்னும் பிடியை இறுக்குவதற்கு ஒரு சாவி உண்டு. இறுக்கிய பின்பு சாவியை எடுக்க மறந்து சுவிச்சைப் போட்டால் அது முதற் சுற்றுகளிலேயே வீசி எறியப்படும். மேசைமேல் வைத்த இயந்திரத்தின் சக்கும் முன்னால் நிற்கும் பிள்ளையின் முகமும் பெரும்பாலும் ஒரே உயரத்தில் இருப்பவை. பொருளைச் சுழற்றிக் கடையும் கடைச்சல் இயந்திரத்தில் சாவி இன்னும் பெரியது, விளைவும் அவ்வாறே. சாவியின் நுனியில் சுருள்வில் பொருத்தி, கையை எடுத்த உடனேயே தானாக வெளியே தள்ளப்படும் வகைச் சாவிகள் விற்பனையில் இருக்கின்றன. அத்தகைய சாவியை மறந்து விட்டுவைப்பது என்பதே இயலாது. சில பாடசாலைகளில் சாவி தொலையாதிருக்க அதைச் சங்கிலி போட்டு இயந்திரத்தோடு பிணைத்திருப்பதைக் கண்டிருக்கின்றேன். சாவி தொலையாது என்பது உண்மைதான், ஆனால் சக்கில் விடப்பட்டால் சங்கிலியும் சேர்ந்து சுழன்று அடிக்கும். அதைவிட, சுவிச்சுக்கு அருகில் ஒரு கொளுக்கி அடித்து, கொளுக்கியில் சாவி தொங்குவதைக் கண்ணால் கண்ட பின்னரே சுவிச்சில் கை வைப்பது என்ற பழக்கத்தை ஆறாம் வகுப்பிலிருந்தே ஏற்படுத்தலாம்.

மெல்லிய தகட்டில் துளையிடுவது தடித்த இரும்பில் துளையிடுவதைக் காட்டிலும் ஆபத்தானது என்று சொன்னால் பெற்றோர் பலர் நம்ப மாட்டார்கள். துளையலகு தகட்டின் மறுபக்கத்தால் வெளிவருகின்ற கணத்தில் அதன் வெட்டு விளிம்பு தகட்டைக் கவ்விக்கொள்ளும். கையால் அழுத்திப் பிடித்திருந்த தகடு அப்போது பிடியிலிருந்து பிடுங்கப்பட்டு அலகோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகின்ற தகட்டின் ஓரம் கத்தியேதான். எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் மோட்டாரின் வலுவுக்கு விரல்கள் ஈடாகா. தகட்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்து ஜீ கிளாம்பினால் மேசையோடு இறுக்க வேண்டும். சிறிய துண்டாயின் இயந்திர இடுக்கியில் பிடித்து, இடுக்கியையும் மேசையோடு போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். இடுக்கி பெரும்பாலும் இயந்திரத்தோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக வாங்க வேண்டிய பொருள் அது. அன்பளிப்பு விழாக்களில் இயந்திரத்தைப் படம் எடுக்கும் நாம் இடுக்கியைப் படம் எடுப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அதை வாங்கிக் கொடுப்பவர்களும் குறைவு.

உடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல், பின்னலின் நுனியில் றிபன், கோயிலில் மணிக்கட்டில் கட்டிய நூல், முஸ்லிம் மாணவிகளின் தலைத்துணியில் தொங்கும் முனை ஆகிய எல்லாமே சுழலும் அச்சில் சுற்றிக்கொள்ளக் கூடியவை. கழுத்துப்பட்டியை வாசலிலேயே கழற்றி வைக்கலாம். பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்கலாம். தலைத்துணியின் முனைகளை மேலங்கிக்குள் செருகலாம். மேலங்கியின் கை மணிக்கட்டோடு இறுகி நிற்கும்படி தைக்கலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் உப்புவெளியிலும் உள்ள தாய்மாரோடும் மாணவிகளோடும் முன்கூட்டியே பேசி இந்த மேலங்கியைத் தைப்பித்தால் எவருக்கும் மனக்குறை வராது. "நீ தள்ளி நின்று பார்" என்று மாணவிகளை ஒதுக்குகின்ற வழக்கமும் ஒழியும். கையுறை பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கின்றது. துளையிடும் இயந்திரம், கடைச்சல் இயந்திரம் ஆகியவற்றின் அருகில் கையுறை அணியவே கூடாது. வெறுங்கை அலகில் பட்டால் காயத்தோடு கையை இழுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கையுறையின் ஒரு நூல் சிக்கினாலோ, அது கையையும் சேர்த்து இழுத்துச் சுற்றும். பாதுகாப்புக்கென்று பெட்டி பெட்டியாகக் கையுறை வழங்குபவர்கள், அவை வெல்டிங் செய்வதற்கும் தகடு தூக்குவதற்கும் மட்டும் உரியவை என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டுகின்றேன்.

சாணை இயந்திரத்துக்கு வருகின்றேன். 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாணைக்கல், நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 தடவை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கின்றது. அந்த வேகத்தில் கல் உடைந்தால் அதன் துண்டுகளும் அதே வேகத்தில் பறக்கும். ஆகையால் புதிய கல்லைப் பொருத்துவதற்கு முன்னர், சந்தையில் மண்சட்டி வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதைப் போல, உலர்ந்த கல்லை ஒரு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். தெளிவாக ஒலித்தால் நல்ல கல், மந்தமாக ஒலித்தால் வெடித்த கல். கல்லின்மேல் அச்சிடப்பட்டுள்ள உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். பொருளைத் தாங்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையேயான இடைவெளி 3 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உளியின் நுனியோ, அதைப் பிடித்திருக்கும் விரலோ அந்த இடைவெளிக்குள் இழுக்கப்பட்டு, கல்லையும் உடைத்துவிடும். கல் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். தாங்கியை முன்னுக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் பார்த்த சாணை இயந்திரங்கள் சிலவற்றில் அந்த இடைவெளியில் என் பெருவிரல் தாராளமாக நுழைந்தது. அலுமினியத்தை அந்தக் கல்லில் பிடிக்கக் கூடாது என்பதும், கல்லின் பக்கவாட்டில் தீட்டக் கூடாது என்பதும், சுவிச்சைப் போட்டதும் ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் வேலைத்தளம் அறிந்தவர்களுக்குப் புதியவை அல்ல.

கையில் பிடித்து வெட்டும் சிறிய கிரைண்டரைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 100 மில்லிமீற்றர் தட்டுடைய இக்கருவி நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை சுழல்கின்றது. விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தொடும். இதன் காப்பைக் கழற்றிவிட்டு, மரம் வெட்டும் பல்வாளைப் பூட்டிப் பயன்படுத்துகின்ற வழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கின்றது. அந்தப் பற்கள் மரத்தில் இறுகும்போது கருவி கையை விட்டுத் துள்ளும். துள்ளிய கருவி போய்ச் சேருவது தொடையிலோ கழுத்திலோதான். பட்டறையில் அண்ணன்மார் செய்வதைக் கண்ட பிள்ளை பாடசாலையிலும் அதைச் செய்ய முனையும். காப்பில்லாத கிரைண்டரும், கிரைண்டரில் பூட்டிய பல்வாளும் பாடசாலை வளவுக்குள் வரவே கூடாது என்று அதிபர்கள் ஒரே வரியில் கட்டளையிடலாம். மேசை வட்டவாளையும் சாதாரண தர மாணவர்களின் கையில் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரே பலகையை அறுத்துக் கொடுக்கட்டும். அவரும் வாளின் மேல்மூடி, வாளுக்குப் பின்னால் பலகை நெருங்காமல் தடுக்கும் பிளவுத்தகடு, தள்ளுகோல் ஆகிய மூன்றும் இல்லாமல் அறுக்க வேண்டாம்.

எவரும் அவ்வளவாக எண்ணிப் பார்க்காத ஆபத்தொன்று மின்சாரம் போய்த் திரும்பி வருவது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. நல்ல வேளையாக அன்று ஞாயிற்றுக்கிழமை. மின்சாரம் நிற்கும்போது இயந்திரமும் நின்றுவிடுகின்றது. பிள்ளை சுவிச்சை அணைக்காமலே அலகைத் தொட்டுப் பார்க்கின்றது, தூசியைக் கையால் தட்டுகின்றது, அல்லது எல்லோரும் வகுப்பறைக்குப் போய்விடுகின்றார்கள். மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தானாகவே சுழலத் தொடங்கும். இதைத் தடுப்பதற்கென்றே, மின்சாரம் நின்றவுடன் தானாக விடுபட்டு, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே இயங்க விடுகின்ற காந்தச் சுவிச் இருக்கின்றது. மலிவான இயந்திரங்கள் பலவற்றில் அது இல்லை, வெறும் மேல்கீழ்ச் சுவிச்தான். ஓர் இயந்திரத்தில் அது இருக்கின்றதா என்று அறிவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்: அலகைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, முதன்மைச் சுவிச்சை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும். தானாக ஓடத் தொடங்கும் இயந்திரத்துக்கு உடனே காந்தச் சுவிச் பூட்ட வேண்டும். அதோடு, கையாலோ முழங்காலாலோ அடித்து நிறுத்தக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தானும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துளையிடும் இயந்திரத்தில் முடி சிக்கிய பிள்ளையால் சுவர்வரை நடந்துபோய்ச் சுவிச்சை அணைக்க முடியாது.

நமது மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கின்றது. குச்சவெளியிலிருந்து மூதூர் வரை கரையோரப் பாடசாலைகளின் வேலைத்தளங்களுக்குள் உப்புக் காற்று புகுந்து இரும்பைத் தின்கின்றது. சுவிச்சுகளின் உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கின்றது. இயந்திரத்தின் உடலோடு பூமிக் கம்பி சேரும் இடத்துத் திருகாணி துருவேறித் தொடர்பற்றுப் போகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் காய்ந்து கிடக்கும் கடற்கரை மணல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அப்படிப்பட்ட மணலில் அடித்த பூமிக் கம்பி பெயருக்கு இருக்குமே அன்றி வேலை செய்யாது. ஆகவே வேலைத்தளத்துக்கென்று தனியாக, மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் டிரிப் சுவிச் ஒன்று பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கவும் வேண்டும். அழுத்தியும் விழாத டிரிப் சுவிச் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. டிரிப் சுவிச் இருப்பதால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒரு கையால் உயிர்க் கம்பியையும் மறு கையால் நொதுமல் கம்பியையும் தொடுபவரை அது காப்பாற்றாது. மாரியில் கூரை ஒழுகும் வேலைத்தளங்களில் ஒழுக்கு நிற்கும்வரை செயன்முறையை நிறுத்தி வைப்பதே புத்தி.

வெல்டிங் வெளிச்சத்தின் தீங்கு உடனே தெரிவதில்லை. காலையில் கண்ணாடியின்றிப் பார்த்த பிள்ளைக்கு இரவில்தான், ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, கண்ணில் மணல் விழுந்தது போன்ற எரிவும் நீரும் வரும். வீட்டில் கைவைத்தியம் செய்து காலத்தைக் கடத்தாமல் வைத்தியசாலையின் கண் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். வெல்டிங் செய்கின்றவர் முகமூடி அணிந்திருப்பார். பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள்தாம். ஆகவே வெல்டிங் செய்யும் மூலையை மூன்று பக்கமும் தீப்பிடிக்காத திரையால் மறைக்க வேண்டும். உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதற்காக நம் பகுதியில் நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய்களையே எதற்கும் பயன்படுத்துகிறோம். அவற்றைப் பூச்சோடு வெல்ட் செய்யும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணித்தியாலங்களில் குளிரும் காய்ச்சலும் வரும். பாடசாலையில் பழகுவதற்குப் பூச்சில்லாத கறுப்பு இரும்பே போதும்.

மரத்தூளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கின்றேன். வன்மரத் தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. தும்புத்தடியால் கூட்டித் தூளைக் காற்றில் எழுப்புவதைக் காட்டிலும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது.

நேரசூசி தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும் நாட்களில் தகரக் கூரை வேலைத்தளத்தின் வெக்கையை, பன்னிரண்டு மணிக்குப் பின் உள்ளே நின்றவர்கள் மட்டுமே அறிவார்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்குள் வியர்வை ஆவி படிந்து எதுவும் தெரியாதபோது பிள்ளை அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகின்றது, ஏற்றியது ஏற்றியதுதான். செயன்முறை வகுப்புகளைக் காலை முதலிரண்டு பாடவேளைகளில் இரட்டைப் பாடவேளையாக வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி குறையும். ஓர் ஆசிரியர் நாற்பது பிள்ளைகளோடு இயந்திரங்களையும் சேர்த்துக் கண்காணிக்க முடியாது என்பதும் யாவருக்கும் தெரிந்ததே. வகுப்பைப் பிரித்து, ஒரு குழு இயந்திரத்திலும் மற்றக் குழு வரைதலிலோ அரத்தால் தேய்க்கும் வேலையிலோ ஈடுபட்டால், எந்த நேரத்திலும் ஆசிரியரின் கண் எட்டும் தூரத்தில் ஓர் இயந்திரமே ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் அதிபர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டால் முதன்மைச் சுவிச்சை அணைத்துப் பூட்டிவிட்டே போக வேண்டும். செயன்முறை நடக்கும் வேளையில் அவரை அழைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

இவ்வளவையும் வாசிக்கும் அதிபர் ஒருவர், வேலைத்தளத்தைப் பூட்டிவைப்பதே மேல் என்று முடிவெடுக்கக் கூடும். அவ்வாறு முடிவெடுத்த பாடசாலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படாத இயந்திரங்களை நான் கண்டிருக்கின்றேன். அங்கே படிக்கும் பிள்ளை கடைச்சல் இயந்திரத்தின் பாகங்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு, பதினெட்டாம் வயதில் சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையிலோ, தளபாடக் கடையிலோ, கட்டார் நாட்டுக் கட்டுமானத் தளத்திலோ முதன்முறையாக ஓர் இயந்திரத்தின் முன் நிற்கும். அங்கே அதற்குக் கற்றுக்கொடுக்க எவருக்கும் நேரம் இருக்காது. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த இந்நகரில், டொக்யார்டில் வேலை பழகிய ஒரு தலைமுறையே வாழ்ந்தது. இயந்திரத்தைக் கண்டு அஞ்சாமலும் அதை அலட்சியம் செய்யாமலும் இருக்க அவர்கள் பழகியிருந்தார்கள். பாடசாலை வேலைத்தளத்தைத் திறந்து வைப்பதால் வரும் ஆபத்தைக் குறைத்துவிடலாம், பூட்டி வைப்பதால் வரும் ஆபத்து நம் கண்ணுக்குப் படாத இடத்தில் போய் நிகழும்.

சட்டத்தின் நிலை வியப்பானது. ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு வீசிய அதே 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகள் காப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்று விதிக்கின்றது. அச்சட்டம் காப்பது ஊதியத்துக்கு வேலை செய்பவர்களை. மாணவர் எவருடைய ஊழியரும் அல்லர். பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதையும் நம் நாட்டுச் சட்டம் தடைசெய்கின்றது. ஆக, ஒரு தச்சுப் பட்டறை முதலாளி வேலைக்கு வைக்க அஞ்ச வேண்டிய வயதுப் பிள்ளை, அதே வகையான வாளின் முன்னால் பாடசாலையில் நிற்கின்றது. கற்பதற்காக நிற்பது சரியே, ஆனால் கற்பவருக்கு ஊழியரைவிடக் குறைந்த காப்பு என்பது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் இருக்கின்றது; திருகோணமலையிலேயே தொழினுட்பக் கல்லூரி இருக்கின்றது. இவற்றின் அறிவைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவருவது கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு இயலாத செயலன்று, அத்திணைக்களமும் இந்நகரிலேயேதான் இருக்கின்றது.

செலவில்லாத ஒரு வழியை முன்வைக்கின்றேன். ஒவ்வோர் ஆண்டும் அரச பாடசாலைகளில் பொருட்கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. அக்கணக்கெடுப்பில் இயந்திரம் இருக்கின்றதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் கணக்குச் சரி. காப்பில்லாத வட்டவாளும் கணக்கில் முழுமையான வட்டவாளே. அந்தப் படிவத்தில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எதிரே காப்பு உண்டா, காந்தச் சுவிச் உண்டா, பூமித் தொடர்பு சோதிக்கப்பட்டதா, இடுக்கி உண்டா என்ற நான்கு நிரல்களைச் சேர்த்தால், தொலைந்த திருகாணியும் கணக்காய்வுக்குரிய பொருளாகிவிடும். கணக்காய்வுக்குரிய எதையும் நம் அலுவலகங்கள் அலட்சியம் செய்வதில்லை. அன்பளிப்புகளை ஏற்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இதே நான்கையும் கேட்ட பின்னரே இயந்திரத்தை ஏற்கலாம். கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பணம் அனுப்புகின்றவர்கள் தம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் காப்பில்லாத இயந்திரத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதே அளவுகோலை அவர்கள் வைக்கட்டும்.

விபத்து நேராமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதிவைக்க ஒரு கொப்பி வேண்டும். இப்போது அவை மறைக்கப்படுகின்றன, காரணம் எழுதியவரிடமே விளக்கம் கேட்கப்படும் என்ற அச்சம். எழுதிய ஆசிரியருக்கு எந்தத் தீங்கும் வராது என்று வலயக் கல்விப் பணிப்பாளர்கள் எழுத்தில் உறுதியளித்தாலன்றி அந்தக் கொப்பி வெறுமையாகவே இருக்கும். மீறி ஏதேனும் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் வேலைத்தளத்திலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். முதலில் மின்சாரத்தை நிறுத்துதல், குருதி வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தல், 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைத்தல். கண்ணில் இரும்புத்துகள் குத்தி நின்றால் அதைத் தேய்க்கவோ பிடுங்கவோ கூடாது. துண்டிக்கப்பட்ட விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து, காயப்பட்டவரோடு அனுப்ப வேண்டும். இதை எழுதி வேலைத்தளக் கதவில் ஒட்டுவதை நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

காப்புகளைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று எவரும் காத்திருக்கத் தேவையில்லை. பட்டிக்கு மேல் பூட்டும் மூடியை மெல்லிய தகட்டிலும், விரல் நுழையாத சிறு கண்ணுடைய கம்பி வலையிலும் உயர்தர மாணவர்களே அளந்து, வரைந்து, வெட்டி, மடித்துச் செய்துவிடலாம். வடிவமைப்பைக் கற்பிக்கும் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான செயற்றிட்டம் வேறு என்ன இருக்கின்றது? கருவியின்றிக் கழற்ற முடியாதபடி அது பூட்டப்பட வேண்டும் என்பதும், மூடிய நிலையிலேயே எண்ணெய் விட வழியிருக்க வேண்டும் என்பதும் அவர்கள் தீர்க்க வேண்டிய வடிவமைப்புச் சிக்கல்கள். பார்த்துத் திருத்திக் கொடுக்க என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பழைய மெக்கானிக்குகளும் இந்நகரில் இருக்கின்றார்கள். வலயக் கல்விப் பணிமனை அழைத்தால் பயணச் செலவும் கேளாமல் வருவோம். மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பின்னரே எந்த இயந்திரத்தையும் நாங்கள் தொடுவோம் என்பதால், வேலைத்தளத்துக்கெனத் தனி முதன்மைச் சுவிச் இல்லாத பாடசாலைகள், பூட்டுப் போடக்கூடிய சுவிச் ஒன்றைத் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு அடுத்த தவணை தொடங்குமுன் பூட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழினுட்பப் பாட ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.